காசு கொடுத்தவருக்கே பூட்டு!
கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்குவோர் படும் பாடு

ஆரியங்கோடு, வெள்ளறடை, காரக்கோணம், பனச்சமூடு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சோதனைச் சாவடியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பில்லும் ரசீதும் கையில் வைத்துக்கொண்டு நேர்வழியில் வருகிற லாரிதான் அங்கே மணிக்கணக்கில் காத்து நிற்கும். டிரைவர் இறங்கி, காகிதங்களைக் காட்டி, முத்திரை வாங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டுப் புறப்படுவார். ரேஷன் அரிசி கடத்துகிறவனோ சாவடிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஊடுவழி அவனுக்கு மனப்பாடம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுபட்டுவிட்டன. ஆனால் அந்த விசித்திர நியாயம் வேறோர் இடத்தில் நன்றாகவே குடியேறியிருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் கம்பெனிகள், நகல் எடுப்பதைத் தடுக்கப் போட்டு வைத்திருக்கும் பூட்டுதான் அந்த இடம்.

பிள்ளைகள் விளையாட்டுத்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். விளையாடுவது பிள்ளை என்றாலும் பணம் அப்பாவுடையது. நெய்யாற்றின்கரையில் ஒரு நிதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர், ஆரியங்கோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்தில் கைமாறி வந்த ஒரு கம்ப்யூட்டரை மகனுக்காக வாங்கிப் போட்டிருக்கிறார். பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் அவன் கேட்ட விளையாட்டை வாங்கித் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். பெரிய கம்பெனியின் புது விளையாட்டு ஒன்று இன்று மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆகிறது. மனிதர் நேர்மையானவர். "திருட்டுக் காப்பி நமக்கு வேண்டாம் மக்களே" என்று சொல்லி, போனஸ் பணத்தில் எடுத்துக் கொடுக்கிறார். அன்று ராத்திரி நல்ல மழை. இன்டர்நெட் போய்விட்டது. விளையாட்டு திறக்க மறுக்கிறது. அடுத்த தெருவில் கள்ளப் பிரதி வைத்திருக்கும் பையனோ ஜோராக விளையாடிக்கொண்டிருக்கிறான். "நாம காசு கொடுத்துத்தானேப்பா வாங்கினோம்?" என்று மகன் கேட்டால் அந்த அப்பா என்ன பதில் சொல்வார்?

ஜெராக்ஸுக்கு அடங்காத தாள்

இந்தப் பூட்டு இன்று நேற்று வந்ததல்ல. வீடுகளில் கம்ப்யூட்டர் நுழைந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1985-ல் இங்கிலாந்தில் 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை விற்றபோது, பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 'லென்ஸ்லாக்' என்று அதற்குப் பெயர். டி.வி. திரையில் குழம்பிய எழுத்துகள் வரும். கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எழுத்து தெளியும். அதைத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். யோசனை என்னவோ கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் மிகப் பெரிய டி.வி., மிகச் சிறிய டி.வி. வைத்திருந்தவர்களுக்கு அது சரியாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குச் சில நூறு பெட்டிகளில் வேறு விளையாட்டுக்குரிய கண்ணாடி மாறிப் போய்விட்டது. வாங்கியவர்கள் வெறும் திரையை உற்றுப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம்.

1989-ல் வந்த 'சிம்சிட்டி'யோடு கருஞ்சிவப்புத் தாள் ஒன்று வந்தது. அதில் அச்சடித்த குறியீடுகளைப் பார்த்துச் சொன்னால்தான் நகரம் கட்டலாம். கருஞ்சிவப்பு ஏன் என்றால், அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்தால் முழுக்கக் கறுப்பாக விழும். நிறக்குருடு உள்ளவர்களும் மங்கல் விளக்கில் உட்கார்ந்தவர்களும் அதைப் படிக்கவே முடியாமல் திண்டாடினார்கள். 1990-ல் வந்த 'மங்கி ஐலண்ட்' ஓர் அட்டைச் சக்கரத்தைக் கொடுத்தது. கடற்கொள்ளைக்காரனின் முகத்தைச் சுற்றிப் பொருத்தினால் ஓர் ஆண்டு தெரியும். அதைத் தட்ட வேண்டும்.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் பழகிய முதல் தலைமுறைக்கு நன்றாக அறிமுகமானது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. முதல் கட்டம் முடிந்ததும் ஒரு கூடம் வரும். அங்கே வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. விளக்கப் புத்தகத்தில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்று கேட்கும். அந்தச் சொல்லின் முதலெழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் கதவு திறக்கும். பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்கு ஏறி வந்தவர்களிடம் புத்தகம் ஏது? ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை. பூட்டையே கழற்றி எறிந்த பிரதிகள் கம்ப்யூட்டர் சென்டர்களில் சுற்றத் தொடங்கின. புத்தகத்தோடு வாங்கி, பின்னர் அந்தப் புத்தகத்தைத் தொலைத்தவர்தான் இளவரசனோடு அந்தக் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

தட்டுக்குள் ஒரு ரகசியம்

சி.டி. வந்த பிறகு பூட்டின் முறை மாறியது. தட்டைத் தயாரிக்கும்போதே சில இடங்களை வேண்டுமென்றே படிக்க முடியாதபடி கெடுத்து வைப்பார்கள். சாதாரண வீட்டுக் கருவியில் நகல் எடுத்தால் அந்தக் கெட்ட இடங்கள் அப்படியே வராது. விளையாட்டு தொடங்குமுன் தட்டில் அந்தக் குறை இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. 'சேஃப்டிஸ்க்', 'செக்யூராம்' என்பவை இந்த வகையில் பெயர் பெற்றவை. குறையுள்ள தட்டுதான் உயர்ந்த தட்டு என்றாயிற்று!

இதனால் விளையாடும் ஒவ்வொரு முறையும் அசல் தட்டைக் கருவிக்குள் போட வேண்டும். கீறல் விழுந்தால் போச்சு. அதையும் பொறுத்துக்கொண்டு பத்து, பதினைந்து ஆண்டுகள் தட்டுகளைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு 2015-ல் ஓர் இடி விழுந்தது. சேஃப்டிஸ்க் பூட்டை இயக்கும் சிறு நிரல், கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் போய் உட்காருவது. அதன் வழியாகத் திருடர்கள் நுழையலாம் என்று மைக்ரோசாஃப்ட் கருதியது. எனவே விண்டோஸ் 10-ல் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பாதுகாப்பு என்ற வகையில் அது சரியான முடிவுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: தட்டு புத்தம் புதிதாக இருக்கிறது, விளையாட்டும் கெடவில்லை, பூட்டைத் திறக்கும் ஆள் மட்டும் வேலையை விட்டுப் போய்விட்டான். பூட்டை முன்பே உடைத்து வைத்திருந்தவனுக்கு இந்தச் செய்தியே தெரியாது.

"மூன்று தடவைதான்!"

2008 செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 'ஸ்போர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஓர் உயிரணுவில் தொடங்கி விண்வெளி நாகரிகம் வரை வளர்க்கலாம் என்று உலகமே ஆவலோடு காத்திருந்த சரக்கு. வாங்கியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, மூன்று கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதோடு சரி, நாலாவது முறைக்குக் கம்பெனியைக் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும் என்று. அமேசான் கடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் காறி உமிழ்ந்தார்கள். அமெரிக்காவில் வழக்கும் போடப்பட்டது. கம்பெனி மூன்றை ஐந்தாக்கியது. இத்தனை கட்டுக்காவலுக்குப் பிறகும், அந்த ஆண்டு உலகில் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட விளையாட்டு ஸ்போர்தான் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். சுமார் 17 லட்சம் பிரதிகள்!

மூன்று என்பது குறைந்த எண்ணிக்கையா என்று சிலருக்குத் தோன்றலாம். துலாவர்ஷக் காலத்தில் ஆரியங்கோட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தால் விளங்கும். மலையடிவாரத்து இடிமின்னலில் மோடமும் மதர்போர்டும் போவது இங்கே ஆச்சரியமல்ல. இந்தப் பூட்டுகள் கம்ப்யூட்டரின் உறுப்புகளைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கின்றன. மதர்போர்டை மாற்றினால் பழைய கம்ப்யூட்டரே புதிய ஆளாகிவிடும். ஒரு தடவை கழிந்துவிடும். வைரஸ் புகுந்து விண்டோஸை அழித்துப் போட்டால் இன்னொரு தடவை போகலாம். பழைய மெஷினை ஒக்கிட்டு ஒக்கிட்டு ஓட்டுகிற குடும்பத்துக்கு மூன்று தடவை எத்தனை நாள் வரும்? ஆண்டுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற வசதிக்காரரை மனதில் வைத்துக்கூட இந்தக் கணக்கு போடப்படவில்லை. யாரையுமே மனதில் வைத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

கம்பி அறுந்தால் ஆட்டமில்லை

அடுத்ததாக வந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். 2010 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் கம்பெனி 'அசாசின்ஸ் க்ரீட் 2' விளையாட்டைக் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டபோது ஒரு நிபந்தனை போட்டது. ஒருவர் தனியாக உட்கார்ந்து விளையாடுகிற கதைதான். இருந்தாலும் ஆட்டம் முடியும் வரை இன்டர்நெட் இணைப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் விளையாட்டு நின்றுவிடும். வெளியான சில நாட்களிலேயே, மார்ச் 7-ஆம் தேதி, கம்பெனியின் சர்வர் மீது யாரோ தாக்குதல் நடத்தினார்கள். வீட்டில் கரண்டும் இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது, காசு கொடுத்த ரசீதும் இருந்தது. ஆயினும் பலரால் அன்று விளையாட முடியவில்லை. இந்த முறையைக் கைவிட்டுவிட்டதாக 2012-ல் யூபிசாஃப்டே சொல்லிவிட்டது.

அதைப் பார்த்தும் பாடம் படிக்காதவர்கள் இருந்தார்கள். 2013 மார்ச்சில் புதிய சிம்சிட்டி வந்தது. முதல் வாரத்தில் கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. வாங்கியவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். அமேசான் அதன் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தது. இன்டர்நெட் இல்லாமல் விளையாடும் வசதியைக் கொடுக்க எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஓராண்டு பிடித்தது.

ஊடுவழியில் கொள்ளைக்காரன்

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெரிய விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் நாலைந்து ஆண்டுகள் உழைக்கிறார்கள். புனே நகரில் யூபிசாஃப்டின் தொழிற்கூடம் 2008-லிருந்து இயங்குகிறது. அதே புனேயில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'ராஜி' 2020-ல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. அவர்களுக்கும் மாதச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான் நடக்கிறது. அதுவரை பூட்டு தாங்கினால் போதும் என்பதுதான் வியாபாரக் கணக்கு. 2014-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த 'டெனுவோ' பூட்டு இந்தக் கணக்கில்தான் விற்பனையாகிறது.

கள்ளப் பிரதி தேடிப் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் 'கிராக்கனோஷ்' என்ற நச்சு நிரலைக் கண்டுபிடித்துச் சொன்னது. பூட்டு உடைத்த விளையாட்டுகளுக்குள் ஒளிந்து வந்து, வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்காரர் கரண்டிலேயே மின்னணு நாணயம் தோண்டி வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது அது. உலகம் முழுவதும் 2,22,000 கம்ப்யூட்டர்களில் நுழைந்து, 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்ததாம். இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் மின்சார பில்லில் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் அந்த வழியில் போகிறார்கள்? விலை ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அதே 2021-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' அசல் பிரதியில் முக்கியமான இடங்களில் திக்கித் திக்கி ஓடியது. பூட்டு உடைத்த பிரதி வழுக்கிக்கொண்டு ஓடியது. நிபுணர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து உண்மைதான் என்றார்கள். கேப்காம் ஜூலையில் திருத்தம் வெளியிட்டுச் சரி செய்தது. நாலாயிரம் கொடுத்தவருக்குத் திக்கல், ஒன்றும் கொடுக்காதவனுக்கு வழுக்கல் என்றால் எந்தத் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல முடியும்?

முதல் சில வாரம்தான் பூட்டுக்கு வேலை என்றால், அதற்குப் பிறகாவது கழற்றிவிடலாமே என்று தோன்றும். சிலர் கழற்றுகிறார்கள். 2016 மே மாதம் வந்த 'டூம்' விளையாட்டிலிருந்து டிசம்பரில் டெனுவோவை எடுத்துவிட்டார்கள். பலர் எடுப்பதில்லை. கல்யாணம் முடிந்த பந்தலைப் பிரிக்காமல் விட்ட கதைதான்.

வார்சா வியாபாரியின் வழி

சென்னைக்குப் பர்மா பஜார் எப்படியோ, போலந்தின் தலைநகர் வார்சாவுக்குக் கம்ப்யூட்டர் சந்தை அப்படி. 1990 வாக்கில் அங்கே விற்றதெல்லாம் நகல்தான். அந்தச் சந்தைப் பழக்கமுள்ள இளைஞர்கள் இருவர் 1994-ல் 'சி.டி. ப்ராஜெக்ட்' என்ற கம்பெனியைத் தொடங்கி, அசல் விளையாட்டை விற்கப் புறப்பட்டார்கள். போட்டி போட வேண்டியது தெருவோரக் கள்ளத் தட்டோடு என்பது அவர்களுக்குத் தெரியும். 1999-ல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிஷ் மொழியில் பேச வைத்து, பழைய தோலில் வரைந்தது போன்ற வரைபடம், விதிப் புத்தகம், பாட்டுத் தட்டு எல்லாம் சேர்த்துக் கனமான பெட்டியாகக் கொடுத்தார்கள். கள்ளத் தட்டுக்காரனால் இதையெல்லாம் கொடுக்க முடியவில்லை. பெட்டி நன்றாக விற்றது.

அதே கம்பெனி 2008-ல் பூட்டே இல்லாமல் விளையாட்டு விற்கும் 'ஜி.ஓ.ஜி.' என்ற இணையக் கடையைத் திறந்தது. ஒரு தடவை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நம் சொத்து. கம்பெனியைக் கேட்க வேண்டியதில்லை. 2011-ல் அவர்களுடைய 'விட்சர் 2' கடைப்பெட்டியில் செக்யூராம் பூட்டோடு வந்தது. பூட்டு வேகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே அதைக் கழற்றிவிட்டார்கள். கம்பெனி ஒன்றும் திவாலாகிவிடவில்லை. இன்று போலந்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்று.

வாங்கியது என்ன?

2014-ல் வெளியான 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டு முழுக்க முழுக்க யூபிசாஃப்டின் சர்வரை நம்பி ஓடியது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். தனியாகக் காரோட்ட நினைத்தவருக்கும் அன்றோடு முடிந்தது. கொஞ்ச நாளில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அந்த உரிமத்தை எடுத்துவிட்டார்கள். இதைக் கண்டு கொதித்தவர்கள் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்று இயக்கம் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் அவர்கள் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: கம்பெனி பிற்காலத்தில் பறித்துக்கொள்ளக்கூடிய ஒன்றை விற்கும்போது, இது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போடக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டின் காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்ப்யூட்டர் நிரலை நியாயமாக வைத்திருப்பவர் அது கெட்டுப்போனால் உதவ ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவோ, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. 'மீறும் எண்ணத்தோடு' என்ற சொல் அங்கே இருப்பது நல்லதாயிற்று. ஆனால் காப்பு நகல் எடுக்க முடியாதபடி பூட்டிய தட்டை வாங்கியவர் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? விற்றவர் திறந்து கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சாவி இல்லாத வீட்டுக்குப் பட்டா கொடுத்தது போலத்தான்.

கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் நிலைமையே வேறு. 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், இப்போது 'கைட்' என்ற பெயரில் இயங்குவது, லினக்ஸையும் கட்டற்ற மென்பொருள்களையும்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதில் வருகிற 'ஜிகாம்ப்ரி' போன்ற சிறுவர் விளையாட்டுகளை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம், தங்கச்சிக்கும் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் நகலெடுத்துக் கொடு என்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் நகலெடுக்காதே என்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

வாங்குமுன் பாருங்கள்

'ஸ்டீம்' கடையில் வாங்குபவர்கள் விளையாட்டின் பக்கத்தை ஓரம் வரை படிப்பது நல்லது. டெனுவோ போன்ற வேற்றுப் பூட்டு இருந்தாலோ, தனிக் கணக்கு தொடங்க வேண்டியிருந்தாலோ அங்கே குறிப்பு போட்டிருப்பார்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முறை திறந்து மூடிவிட்டு, ஸ்டீமை 'ஆஃப்லைன்' முறைக்கு மாற்றி, வீட்டு இன்டர்நெட்டையும் அணைத்துவிட்டு மறுபடி திறந்தால் எந்த அளவுக்கு அது நம்முடையது என்று அப்போதே தெரிந்துவிடும். பழைய விண்டோஸ் 7 போட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஸ்டீம் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. ஊருக்குப் போகும் அண்ணன் மகனுக்குப் பழைய தட்டைக் கொடுக்கலாம். ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க விதி இடம் தருவதில்லை.

கடையில் காசு கொடுத்து வாங்கிய பெட்டி திறக்காமல் போய், கடைக்காரரும் கையை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாகர்கோவிலில் வாங்கிய பொருளுக்கு நாகர்கோவிலுக்கே அலைய வேண்டியதில்லை; ஆரியங்கோட்டில் இருப்பவர் திருவனந்தபுரம் மாவட்ட கமிஷனில் மனுக் கொடுக்கலாம். பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.